√99980002-க்கு கால்குலேட்டர் 9999 காட்டுகிறது: இது விகிதமுறு எண்ணா?

கேள்வி:
வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் மெய்யெண்கள் பாடம் படிக்கிறாள். வீட்டிலுள்ள எட்டு இலக்க கால்குலேட்டரில் √99980002 போட்டால் 9999.0000 வருகிறது. எனவே இது விகிதமுறு எண் (அதாவது இரு முழு எண்களின் பின்னமாக எழுதக்கூடிய எண்) என்கிறாள். √2-க்கு 1.4142135 என்று நின்றுவிடுவதால் அதுவும் முடிவுறு தசமம்தானே என்று கேட்கிறாள். எப்படி விளக்குவது?

பதில் 1:
திரையில் இடம் தீர்ந்ததால்தான் எண் நின்றது. 1.4142135-ஐ அதே எண்ணால் தாளில் பெருக்கச் சொல்லுங்கள். கடைசி இலக்கம் 5 என்பதால் விடையும் 5-இல்தான் முடியும். சரியாக 2 வர வழியே இல்லை.

9999-இன் வர்க்கம் 99980001. அடுத்த முழு வர்க்க எண் பத்துக் கோடி. ஆகவே √99980002 முழு எண் அல்ல. அதன் மதிப்பு ஏறத்தாழ 9999.00005. அந்த 5 ஒன்பதாவது இலக்கம், திரைக்கு எட்டவில்லை. 2, 3, 7, 8 ஆகியவற்றில் முடியும் எந்த எண்ணும் முழு வர்க்கம் ஆகாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. முழு எண் இல்லை என்பதை ஒப்புக்கொண்டாள். "ஏதோ ஒரு பெரிய பின்னமாக இருக்கக்கூடாதா?" என்கிறாள்.

பதில் 2:
அருமையான கேள்வி, பாராட்டுங்கள். பழங்கால இந்திய வடிவியல் நூலான பௌதாயன சுல்ப சூத்திரம் √2-க்குத் தரும் மதிப்பு 577/408. 577-இன் வர்க்கம் 332929; 408-இன் வர்க்கத்தின் இருமடங்கு 332928. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்! இன்னும் நெருங்கலாம், ஆனால் அந்த வித்தியாசம் ஒருபோதும் பூச்சியமாகாது.

காரணம் பகாக்காரணிகளில் இருக்கிறது. p, q முழு எண்களாக √2 = p/q என்றால் p² = 2q². எந்த வர்க்க எண்ணைப் பிரித்தாலும் ஒவ்வொரு பகா எண்ணும் இரட்டைப்படை முறைதான் வரும். இடப்பக்கம் 2 இரட்டைப்படை முறை, வலப்பக்கம் கூடுதலாக ஒரு 2 இருப்பதால் ஒற்றைப்படை முறை. ஒரே எண்ணுக்கு இரண்டும் பொருந்தாது. 99980002 = 2 × 49990001; இரண்டாவது காரணி ஒற்றைப்படை எண். எனவே இதே வாதம் அப்படியே செல்லும்.

பொதுவாகவும் இதுதான்: முழு எண்ணின் வர்க்கமூலம் ஒன்று முழு எண்ணாக இருக்கும், இல்லையேல் விகிதமுறா எண். நடுவில் பின்னத்துக்கு இடமில்லை. 1764, 1734 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் 4-இல் முடிவதால் கடைசி இலக்கம் உதவாது.

கேட்டவர்:
1764 = 2² × 3² × 7², மூலம் 42. 1734 = 2 × 3 × 17²; 2-உம் 3-உம் தனியாக நிற்பதால் 17√6, விகிதமுறா எண். கால்குலேட்டரைத் தொடாமலே எழுதிவிட்டாள். இருவருக்கும் நன்றி.