ஏற்காட்டு மஞ்சள் பூ: எந்தக் கடுகு?

ஏற்காடு மலைப்பாதை ஓரம், மண் கொட்டிய மேட்டில் முளைத்திருக்கும் இந்தச் செடியை அடையாளம் காண உதவுங்கள்.

நாய்க்கடுகு என்று உடனே எழுதிவிடாதீர்கள். அதன் இலை மூன்று, ஐந்தாகப் பிரியும், தொட்டால் பிசுபிசுக்கும், மகரந்தத் தாள் பத்துக்கு மேல் இருக்கும். இதில் இதழ் நான்கு, சிலுவை போல. தாள் ஆறு: நான்கு நெட்டை, இரண்டு குட்டை. காயைப் பிளந்தால் நடுவில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வு. கடுகுக் குடும்பமேதான்.

குழப்பம் இனத்தில். நம் தாளிப்புக் கடுகுக்கு மேல் இலையிலும் சின்னக் காம்பு இருக்கும். டர்னிப் வகையில் இலையடி தண்டைக் கட்டிப்பிடிக்கும். இதில் இரண்டும் இல்லை. காம்பில்லாமல் சும்மா ஒட்டியிருக்கிறது. அடித்தண்டில் சொரசொரப்பான மயிர். கடுகுக் குடும்பத்தின் இன்னொரு இனமான சினாபிஸ் அர்வென்சிஸா? அது மத்தியதரைக்கடல் பக்கத்துத் தானிய வயல் களை. இங்கே வந்திருந்தால் விதைக் கலப்படமாகத்தான் இருக்கும்.

முடிவு காயில் இருக்கிறது, ஆனால் பிஞ்சில் நரம்பு சரியாகத் தெரியாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் முற்றிய காயை ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். காயின் ஓட்டில் எடுப்பான நரம்பு ஒன்றா, மூன்றோ அதற்கு மேலுமா? நுனி அலகுக்குள் (காயின் முனையில் நீண்டிருக்கும் மூக்கு) விதை இருக்கிறதா? இந்த இரண்டும் போதும்.