டொபாக்கோ டிரேட் கார்டு: "படச்சீட்டு"ன்னு வைக்கலாமா?

வணக்கம் எல்லாருக்கும்,

சிகரெட் பாக்கெட்டோட வந்த 'டொபாக்கோ டிரேட் கார்டு'க்குத் தமிழ்ச் சொல்லா இங்க ஐயா முன்வச்ச "புகையிலை வணிக அட்டை"யில எனக்கு உடன்பாடு இல்லீங்க. வணிக அட்டைன்னா படிக்கிறவங்களுக்கு விசிட்டிங் கார்டுதான் ஞாபகம் வரும். இது சிகரெட் பாக்கெட்டுக்குள்ளயே வந்த படம். அப்போ பாக்கெட் வெறும் காகிதம், சிகரெட் நசுங்காம இருக்க உள்ள ஒரு கெட்டி அட்டை வைப்பாங்க, அதையும் விளம்பரமாக்கி கலர் படம் அச்சடிச்சுட்டாங்க.

அமெரிக்காவுல ரிச்மண்ட் ஊர் ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனி 1887-ல போட்ட 'உலக சாம்பியன்கள்' செட்டைப் பாருங்க. மொத்தம் 50 படம், பேஸ்பால்காரங்க, குத்துச்சண்டைக்காரங்க, படகுப்போட்டிக்காரங்க, துப்பாக்கி சுடுறதுல பேர் வாங்கின ஆனி ஓக்லி கூட உண்டு. திருப்பினா பின்பக்கம் செட்டுல யார் யார்னு பட்டியலே இருக்கும், அதுலதான் சூட்சுமம், நம்மகிட்ட யார் இல்லைன்னு அது காட்டிக் குடுத்துரும், வேணும்னா இன்னொரு பாக்கெட் வாங்கணும்.

அதனாலதான் 'சீட்டு'ன்னு கேக்குறேன். சீட்டுன்னாலே ஒரு கட்டுல ஒண்ணுங்கிற பொருள் தானா வந்துருது, அட்டையில அது வரல. ஏலச்சீட்டு, டிக்கெட்டுன்னு குழப்பம் வரும்னு சிலர் சொல்லலாம், முன்னாடி 'பட' சேர்ந்தா அந்தக் குழப்பம் வராது.

"விளம்பர அட்டை"ன்னு பேர் வச்சாலும் போதாது. 1938-ல இங்கிலாந்துல வில்ஸ் கம்பெனி விமானத் தாக்குதல் தற்காப்பு பத்தி 50 சீட்டு போட்டுச்சு, ரூமுக்குள்ள விஷவாயு புகாம அடைக்கிறது, தீக்குண்டைச் சமாளிக்கிறது, வாயு முகமூடின்னு எல்லாம் படமா, ஆல்பத்துல ஒட்ட பின்னாடி பசையும் தடவி. போர் வரப்போற நேரத்துல சிகரெட் வழியா வீட்டுக்குள்ள போன பாடம் அது, அதை வெறும் விளம்பரம்னு எப்படிங்க சொல்றது? 1940-ல காகிதத் தட்டுப்பாடு வந்து அங்க இந்தச் சீட்டு போடுறதே நின்னுபோச்சு.

இன்னொண்ணு, பெரிய சேகரிப்பாளர் ஜெஃபர்சன் பர்டிக் தன் கேட்டலாக்குல புகையிலை கார்டு, பேக்கரி கார்டு, மிட்டாய்-சூயிங் கம் கார்டுன்னு தனித்தனி எழுத்து குடுத்துப் பிரிச்சார். அவர் சேர்த்ததுல 3 லட்சத்துக்கு மேல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு. நாமளும் படச்சீட்டுன்னு பொதுவா வச்சுக்கிட்டு சிகரெட் படச்சீட்டு, மிட்டாய்ப் படச்சீட்டுன்னு பிரிச்சுக்கலாம், இந்த கார்டுகளைச் சேகரிக்கிற பொழுதுபோக்கான கார்ட்டோஃபிலிக்கு "படச்சீட்டுச் சேகரிப்பு" போதும்.

பின்பக்கப் பட்டியலுக்குத்தான் சொல் கிடைக்கல, "வரிசைப்பட்டி" சரியா வருமா? வேற இருந்தா எழுதுங்க, விக்சனரிங்கிற இணைய அகராதியில ஏத்துறதுக்கு முன்னாடி முடிவு பண்ணிரலாம்.