நியான் டெட்ராவின் நிறம் மங்கிய இரவு

நியான் டெட்ரா மீன்கள் பத்தை வாங்கி வந்த மூன்றாம் நாள் நள்ளிரவில் எழுந்தவன், டார்ச் விளக்கைத் தொட்டியின் மீது அடித்துப் பார்த்துப் பதறிப்போனேன். பகலெல்லாம் கண்ணைப் பறித்த நீலக் கோடு இருந்த இடமே தெரியவில்லை. உடலின் நடுவிலிருந்து வால் வரை ஓடும் சிவப்பும் வெளிறிக் கிடக்க, மீன்கள் செடிகளுக்கிடையே அசையாமல் நின்றன.

பதறியதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய மறுநாளே இதே மீன்கள் ஆறை விட்டு, இரண்டே வாரத்தில் நான்கைப் பறிகொடுத்திருந்தேன். மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பெரிய தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகக்கூடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. போதாக்குறைக்கு அந்த ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும் வரை கசக்கிக் கழுவி, வந்திருந்த கொஞ்ச பாக்டீரியாவையும் நானே அழித்தேன். இம்முறை தொட்டியை ஆறு வாரம் ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்று சோதித்த பிறகே மீன்களை விட்டிருந்தேன். அப்படியும் இப்படியா என்று மனம் உடைந்தது.

அறை விளக்கைப் போட்டுவிட்டு, தண்ணீரை மாற்ற வாளியைத் தேடி எடுத்து வந்தேன். அதற்குள் முதலில் ஊதாவாகவும் பிறகு நீலமாகவும் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நீலம் சாயம் போன்ற நிறமியால் வருவதன்று. தோலின் உயிரணுக்களில் அடுக்கடுக்காக அமைந்த குவானைன் என்னும் வேதிப்பொருளின் படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. இருட்டில் அந்த அடுக்குகளின் இடைவெளி மாறுவதால் கோடு மங்குகிறது, வெளிச்சம் வந்ததும் மீள்கிறது.

ஆனால் எல்லா மங்கலும் அப்படியல்ல என்பதை ஐந்தாம் மாதம் கண்டேன். ஒரு மீனுக்கு மட்டும் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் ஆகியும் நிறம் திரும்பவில்லை. முதுகுத் துடுப்புக்குக் கீழே அரிசிமணி அளவுக்குப் பால்வெள்ளைத் திட்டு ஒன்று தசைக்குள்ளிருந்து தெரிந்தது; கூட்டத்தோடு சேராமல் அது தனியே நீந்தியது. தசையைத் தாக்கும் பிளைஸ்டோஃபோரா என்னும் நுண் ஒட்டுண்ணியால் வரும் நோய்க்கு இவையே அடையாளங்கள். அதற்கு நம்பகமான மருந்து கிடையாது. இறந்த மீனை மற்றவை கொத்தித் தின்றால் அவற்றுக்கும் தொற்றிவிடும் என்பதால், அன்றே அதை வேறு தொட்டிக்கு மாற்றினேன். முதுகு மெல்ல வளைந்து, பன்னிரண்டாம் நாள் அது இறந்தது. நிறம் மங்கிய மீனைக் கண்டால் உடனே மருந்தை ஊற்றாமல், முதலில் விளக்கைப் போட்டு அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள் என்று புதிதாக வளர்ப்பவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போதும் காலையில் விளக்கைப் போட்டதும் தொட்டியின் முன் அமர்ந்து, நீலக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெளிவதை எண்ணுகிறேன். ஒன்பது வந்த பிறகுதான் தீனி போடுகிறேன்.