300 மீற்றரில் கால் இறுகினதைக் கண்ட ஆக்கள் எழுதுங்கோ

உப்புவெளி:
வலயமட்ட 400 மீற்றர். முதல் 200ஐ 27 செக்கனில் பறந்த பெடியன், 300 தாண்டினதும் முழங்கால் எழும்பாமல், தலை பின்னுக்குச் சாய, நின்ற இடத்திலேயே ஓடுற மாதிரி ஆகிட்டான். கரையில் நின்றவை "சீனி முடிஞ்சிட்டு, குளுக்கோஸ் குடு" என்று கத்தினவை. ஒரு நிமிச ஓட்டத்தில் தசையின் கிளைக்கோஜன் (உடம்பு சேமிச்சு வைக்கிற சீனி) முடியாது. இருப்பில் உள்ள ஏடிபி, அதாவது தசை நேரடியாகச் செலவழிக்கிற சக்தி மூலக்கூறு, 2, 3 செக்கனுக்குத்தான் காணும். ஏடிபியைத் திரும்ப நிரப்புற கிரியேற்றின் பொஸ்பேற்று அதை 10 செக்கன் மட்டும் இழுக்கும். பிறகு கிளைக்கோஜனை அவசரமாக உடைக்கேக்கை ஐதரசன் அயனும் (அமிலத்தன்மை தருவது) பொஸ்பேற்றும் தேங்கி, தசை சுருங்குற விசை விழும். 60 செக்கனில் ஓடுறவன் முதல் பாதியை 29இல் எடுக்கவேணும்.

தம்பலகாமம்:
சரி, ஆனால் ஒட்சிசனை விட்டிட்டீங்கள். 400இலும் ஏறக்குறைய 40 வீதச் சக்தி ஒட்சிசன் வழியாலதான் வருது. அது சூடேறத்தான் நேரம் எடுக்கும். அதனால ஓட்டத்துக்கு முந்தி வோர்மப் கட்டாயம்.

அடுத்த நாள் தொடை நோவுக்கு "லக்ரிக் அமிலம் இறங்கட்டும்" என்று ஒரு பிள்ளைக்கு எண்ணெய் போட்டு உருவினதையும் பார்த்தன். அந்த அமிலம் உடம்பில் லக்ரேற்றாகத்தான் இருக்கும், அது ஒரு மணித்தியாலத்துக்குள்ள போயிடும்: இதயம் எரிக்கும், ஈரல் திரும்பக் குளுக்கோசாக்கும். மறுநாள் நோவு தசைநாரில் விழுந்த நுண்கிழிசலால. ஓடி முடிஞ்சதும் குந்தவேண்டாம், 10 நிமிசம் மெல்ல நடக்கவிடுங்கோ.

திருக்கடலூர்:
கரைவலை இழுக்கிற இடத்தில் கண்டது வேற. வெறும் வயித்தோட விடிய வந்தவர், வலையின்ர மடி (மீன் சேருற பை) கரைக்கு வரேக்கை கை நடுங்கி, குளிர் வேர்வை வடியக் கயித்தை விட்டிட்டார். இது பெடியனின்ர கதை இல்லை, இரத்தத்தில் சீனி விழுந்தது. இராத்திரி முழுக்க மூளைக்குக் குடுத்தே ஈரலின்ர கிளைக்கோஜன் குறைஞ்சிருக்கும். கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அது மெல்லத்தான் எரியும். வலையில் கைவைக்க முந்தி ஒரு வாழைப்பழமும் இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும் எடுத்தால் ஏறக்குறைய 30 கிறாம் மாச்சத்து. நீண்ட இழுவைக்கு மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிறாம் வேணும். வெறும் தண்ணி மட்டும் குடிச்சால் சீனி ஏறாது. இன்சுலின் போடுற ஆக்கள் கூடுதல் கவனம்: வேலை செய்யிற தசை இன்சுலின் இல்லாமலே குளுக்கோசை இழுக்கும், அதோட ஊசியும் சேர்ந்தால் சீனி கடகடவென்று விழும். இனிப்பு இடுப்பு மடியில் இருக்கட்டும்.