வளைகுடாவுக்குப் புதுசா போன டெல்டா பிள்ளைகளுக்கு: பூசை, கடன், மனசாட்சி

மன்னார்குடி பக்கத்துத் தம்பி ஒருத்தர் கேட்டது:

"அண்ணே, துபாய் வந்து ரெண்டரை மாசம் ஆச்சு. ஒரு பூசைக்கும் போகல. ரூமுக்கு வந்து செபமாலையைக் கையில எடுத்தா தூக்கம் வந்துடுது. ஊர்ல புதன்கிழமை நவநாள் விடாத ஆளு நான். கடன் நினைப்பு வேற. சாமி என்னைக் கைவிட்டுட்டாரோன்னு இருக்கு."

தம்பி, நான் அங்க பதினோரு வருஷம் ஏசி மெக்கானிக்கா இருந்துட்டு ஊருக்கே திரும்பிட்டவன். வீடு வெண்ணாத்தங்கரையில. நீங்க எழுதினதைப் படிச்சப்போ என் முதல் வருஷம் அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு.

ஒண்ணை மட்டும் முதல்ல சொல்லிடறேன். கடன் அடையட்டும், ஷிப்ட் மாறட்டும், அப்புறம் செபம் பண்ணலாம்னு தள்ளிப் போடாதீங்க. நான் அப்படித் தள்ளித் தள்ளியே ஒன்றரை வருஷத்தை விட்டேன். கடன் இருக்குன்னா கடனோடயே போய் நில்லுங்க. யாருக்கு எவ்வளவு தரணும்னு தொகையைச் சொல்லியே செபிங்க. நம்ம அம்மாமார் மாதாகிட்ட அப்படித்தானே பேசுவாங்க, பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்ற மாதிரி.

பூசை விஷயம். முன்னாடி வெள்ளிதான் வார விடுமுறைங்கறதால வெள்ளிக்கிழமையே ஞாயிறு வழிபாடு நடக்கும். 2022 ஜனவரியில இருந்து அரசு விடுமுறை சனி, ஞாயிறு, வெள்ளி அரை நாள்னு மாறிடுச்சு. ஆனா சைட்ல வேலை பார்க்குற நமக்குக் கம்பெனி சொல்ற நாள்தான் லீவு. அதனால உங்க லீவு எந்த நாளோ, அன்னைக்கு என்ன பூசை இருக்குன்னு பாருங்க. துபாய்ல ஊத் மேத்தாவுல புனித மரியன்னை கோயில் இருக்கு. பச்சை லைன் மெட்ரோவுல ஊத் மேத்தா ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிடலாம். கேம்ப் ஜெபல் அலி பக்கம்னா அங்கயே புனித பிரான்சிஸ் அசிசியார் கோயில். டி.இ.எல்.சி. (தமிழ் லுத்தரன் சபை), சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஊத் மேத்தாவுலயே ஹோலி டிரினிட்டி சர்ச் இருக்கு. பல மொழிச் சபைகள் அந்த வளாகத்தைப் பகிர்ந்துக்கறாங்க. தமிழ் வழிபாட்டு நேரம் மாறிக்கிட்டே இருக்கும், அதனால ஒரு தடவை நேர்ல போய்க் கேட்டுடுங்க. வேலையை விட முடியாம பூசை தவறினா அது பாவம் இல்லைன்னு திருச்சபையே சொல்லுது. அந்தப் பயத்தை விடுங்க.

தூக்கம் வருதுன்னீங்க. எனக்கும் வந்துச்சு. எங்க ரூம்ல கூத்தாநல்லூர்க்காரர் ஒரு பாய் இருந்தார், என்னைவிட பத்து வயசு மூத்தவர். விடிகாலைத் தொழுகைக்கு அவர் வைக்கிற அலாரத்துல ஆரம்பத்துல எனக்குக் கோவம் கோவமா வரும். ஒருநாள் தூக்கம் கலைஞ்சு படுத்திருந்தேன். மத்தவங்க முழிச்சிடக் கூடாதுன்னு சத்தமில்லாம அவர் தொழுகை விரிப்பை விரிக்கிறதைப் பார்த்தேன். மறுநாள்ல இருந்து அவர் எழுந்தா நானும் எழுந்துக்குவேன். அவர் ஒரு மூலையில, நான் என் கட்டில் மேல. செபமாலையில 53 மணியும் முழுசா இல்ல, பத்து மணிதான். ஒன்பது வருஷம் அப்படி ஓடுச்சு. நாகூரும் வேளாங்கண்ணியும் ஒரே பஸ் ரூட்ல இருக்குற ஊர்க்காரங்க நாம. இதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

வீட்டு செபத்துலயும் சேர்ந்துக்கலாம். ஊர்ல ராத்திரி ஏழரைன்னா அங்க ஆறு மணி. வாட்ஸ்அப் கால் அங்க போகாது, வாய்ஸ் மெசேஜ் போகும். எங்க அம்மா ஒரு பத்து மணி சொல்லி அனுப்புவாங்க, பஸ்ல கேட்டுக்கிட்டே ரூமுக்கு வருவேன்.

இப்போ பணம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும். பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. மூணு நாலு நாள்ல கல்லணைக்குத் தண்ணி வந்துடும். துபாய்ல அதே ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும், மதியம் 12.30ல இருந்து 3 மணி வரை வெயில்ல ஆளை வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம். அவ்வளவு கொடுமையான வெயில். சரியா அந்த வாரத்துலதான் வீட்டுல இருந்து போன் வரும்: குறுவைக்கு நாத்து விடணும், டிராக்டர் வாடகை, உர மூட்டை. கையில இல்லைன்னு சொல்ல வாய் வராது. ரூம்காரன்கிட்ட கைமாத்து வாங்கி அனுப்புவோம். அதை ஒரு தடவை செஞ்சா வருஷா வருஷம் செய்யணும். அதுக்குப் பதிலா சம்பளச் சீட்டை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க. என் வாழ்க்கையில ரொம்பக் கஷ்டமான விசுவாசச் செயல் அதுதான். வீட்டுல நம்மளைப் பத்தி வச்சிருக்குற பெரிய படம் அதோட கீழே இறங்கிடும்.

ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கடன் இருக்கே. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். நம்ம பக்கம் லட்சக்கணக்குல கொடுத்துட்டு வர்றாங்க. ஒன்றரை லட்சத்தை மூணு வட்டிக்கு வாங்கினா மாசம் 4,500 ரூபாய் வட்டிக்கே போயிடும், முதல் அப்படியே நிக்கும். முதல்ல அதை அடைங்க. விசா கிடைச்சா வெள்ளியில உருவம் வாங்கி வைக்கிறேன்னு மாதாவுக்கு நேர்ந்திருப்பீங்க. அது காத்திருக்கும். வட்டிக்கு வாங்கி நேர்த்திக்கடன் செலுத்தாதீங்கன்னு எங்க பங்குச் சாமியார் பிரசங்கத்துலயே சொன்னார். போன்ல வீடியோ போட்டு, காணிக்கை அனுப்பு, கடன் தீரும்னு சொல்றவங்களுக்கு ஒரு திர்ஹம்கூட அனுப்பாதீங்க. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரியுது.

கோயில் திருவிழாவுக்கு ரூம் ரூமா வசூல் பண்ணித் தாங்கன்னு ஊர்ல இருந்து கேப்பாங்க. அனுமதி இல்லாம நிதி திரட்டுறது அங்க குற்றம். உங்க பங்கை மட்டும் வீட்டுக்கு அனுப்பிக் கட்டச் சொல்லுங்க. மத்த மதத்துக்காரங்ககிட்ட துண்டுச் சீட்டு கொடுக்குறதும் கூடாது.

மனசாட்சி. என் மூணாவது வருஷம். மேல இருந்த ஒருத்தர் பழைய ஏசி பில்டரையே தட்டி மாட்டிட்டு, புதுசு போட்டதா கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். நாலு மாசம் போட்டேன். அது பள்ளிக்கூடக் கட்டடம். பிள்ளைங்க உட்கார்ற வகுப்புல அந்தத் தூசிதான் சுத்தும்னு எனக்கு நல்லாத் தெரியும். அஞ்சாவது மாசம் முடியாதுன்னுட்டேன். ரெண்டு மாசம் ஓவர்டைம் கொடுக்கல. வீட்டுல சொன்னேன். என் மனைவி ஒண்ணும் பேசல. மறுநாள் போன் பண்ணி, கறவை மாட்டுல ஒண்ணை வித்துட்டேன்னா. எந்த அற்புதமும் நடக்கல தம்பி. அந்த மாடு போனது போனதுதான். ஆனா அன்னைக்கு ராத்திரி 53 மணியும் தூங்காம சொன்னேன்.

பாஷை தெரியாம கூனிக் குறுகி நிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 1706ல நம்ம தரங்கம்பாடியில வந்து இறங்கினப்போ ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குக்கு இன்னும் 24 வயசுகூட முடியல. சின்னப் பிள்ளைங்களோட உட்கார்ந்து மணல்ல எழுதித் தமிழ் கத்துக்கிட்டார். அங்கிருந்த டேனிஷ் அதிகாரி அவரைச் சிறையிலயும் போட்டார். அந்நிய ஊர்ல விசுவாசத்தோட இருக்குறது எப்படின்னு நம்ம கடற்கரையே பார்த்திருக்கு.

வீட்டு வேலைக்குப் போயிருக்குற தங்கச்சிங்களுக்கு: அமீரகச் சட்டப்படி வாரம் ஒரு நாள் ஓய்வு உங்க உரிமை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வச்சுக்கக் கூடாது. கோயிலுக்குப் போகணும்னு கேக்குறதைப் பிச்சை மாதிரி கேக்காதீங்க.

அதே தம்பி மறுபடி கேட்டது:

"ரொம்ப நன்றிண்ணே. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேத்தத்துக்கு இந்த வருஷம் ஊர்ல இல்லையேன்னு அழுகையா வருது. சின்னதுல இருந்து அப்பாவோட நடந்து போவேன்."

அழுங்க தம்பி, ஒண்ணும் தப்பில்ல. காவி கட்டிக்கிட்டுக் கூட்டம் இப்பவே ரோட்டுல போக ஆரம்பிச்சிடுச்சு. தஞ்சாவூர்ல இருந்து வேளாங்கண்ணி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நானும் பெரிய பையனும் 26ஆம் தேதி விடிகாலை கிளம்பறோம், நீடாமங்கலம், திருவாரூர் வழியா. உங்க கடன் தொகையை எனக்குத் தனியா எழுதி அனுப்புங்க. அங்க மெழுகுவர்த்தி ஏத்தும்போது மன்னார்குடித் தம்பிக்கு இவ்வளவு பாக்கி இருக்குன்னு மாதாகிட்ட சொல்லிடறேன்.