மழை வந்தா டிவி போயிடுது: வீட்டு வைத்தியம் எதுவும் எடுபடுமா?

லயத்துவீடு:
வணக்கம். நாங்க மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட்டுக்கு வெளிய, செம்பனைத் தோட்டத்துல இருக்கோம். அக்டோபர், நவம்பர் ஆனா சாயங்காலம் இருட்டிக்கிட்டு வந்துடும். மழை இறங்கின கொஞ்ச நேரத்துல படம் கட்டம் கட்டமா உடைஞ்சு, அப்புறம் சிக்னலே இல்லைன்னு வந்து நிக்குது. அம்மாவுக்கு முழங்கால் முடியாது, வெளிய போறதில்ல, டிவிதான் துணை. ஆளுக்கொரு வைத்தியம் சொல்றாங்க. டிஷ் தட்டுக்கு கார் மெழுகு தேய், சமையல் எண்ணெய் பூசு, தட்டு முன்னாடி நின்னு அலையை வாங்குற எல்என்பிக்கு பிளாஸ்டிக் பை கட்டு, தட்டுல அலுமினியத் தாள் ஒட்டு, சிக்னல் பூஸ்டர் வாங்கு. இதுல எதைச் செய்யலாம்?

செம்பனைக்காற்று:
தம்பி, மெழுகுதான். தட்டைச் சோப்புத் தண்ணியில கழுவி, காயவிட்டு, கார் மெழுகை மெல்லிசா தேய். தண்ணி ஒட்டாம உருண்டு ஓடிடும். எல்என்பி வாய்க்கு மேல பிளாஸ்டிக் போத்தலை வெட்டி ஒரு சின்னக் கூரை வை. எங்க லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுகள்ல, நாலஞ்சு வீட்டுக்கு நான்தான் செஞ்சு கொடுத்தேன். தூறலுக்கெல்லாம் இப்ப படம் போறதில்ல.

கம்பிவேலை:
அண்ணே, மரியாதையோட மறுக்கிறேன். படம் போறது தட்டுல இருக்கிற தண்ணியால இல்ல, வானத்துல இருக்கிற தண்ணியால.

நம்ம டிவிக்கு அலை அனுப்புற செயற்கைக்கோள் மியாசாட். அது நிக்கிறது கிழக்குத் தீர்க்கரேகை 91.5 டிகிரிக்கு மேல, ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்துல. சுங்கை சிப்புட்டிலிருந்து பார்த்தா அது கிட்டத்தட்ட உச்சியில, 77 டிகிரி உயரத்துல, கொஞ்சம் மேற்கு தென்மேற்காச் சாய்ஞ்சு இருக்கு. அங்கிருந்து வர்ற அலை 11, 12 கிகாஹெர்ட்ஸ், கேயூ பேண்ட்னு சொல்ற அலைவரிசை. அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம். நம்ம ஊர் மழைத்துளி பெருசு. அது அந்த அலையை உறிஞ்சும், சிதறடிக்கும். மணிக்கு 100 மி.மீ. வேகத்துல கொட்டுற மழையில ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5 டெசிபல் போயிடும் (சிக்னல் கூடுறதையும் குறையறதையும் சொல்ற அளவு டெசிபல்). மழை மூணு கிலோமீட்டர் உயரத்துக்கு நின்னா 15 டெசிபல், அதாவது வந்த சக்தியில முப்பதுல ஒரு பங்குதான் கீழ வந்து சேரும். அது போதாதுன்னு மழையே தன் பங்குக்கு இரைச்சலையும், அதாவது சிக்னலோட கலந்து கெடுக்கிற வேண்டாத அலையையும், கூட்டும். இத்தனையையும் ஒரு டப்பா மெழுகு எப்படி ஈடு கட்டும்?

செம்பனைக்காற்று:
நீங்க சொல்ற கணக்கு பேய்மழைக்கு, தம்பி. நம்ம ஊர்ல பெய்யறதெல்லாம் பேய்மழையா? 10 மி.மீ., 20 மி.மீ. தூறல்தான் நிறைய. அதுக்கெல்லாம் படம் போகக் கூடாது, ஆனா போகுது. இன்னொன்னு கேக்குறேன், பதில் சொல்லுங்க. மழை விட்டு, வெயிலே வந்த பிறகும் அரை மணி நேரம் சிக்னல் வராம இருக்கே, அப்ப வானத்துல என்ன தண்ணி இருக்கு?

கம்பிவேலை:
அந்தக் கேள்வி சரியான கேள்வி. லயத்துவீடு, நீங்க முதல்ல பார்க்க வேண்டியதும் அதைத்தான். மழை நின்னதும் படம் தானா வந்துட்டா அது வானத்துப் பிரச்சினை, கைவைத்தியம் கிடையாது. மழை நின்ன பிறகும் வரலேன்னாலோ, சின்னத் தூறலுக்கே போச்சுன்னாலோ கோளாறு உங்க வீட்டுல இருக்கு.

எங்கே தேடணும்னு சொல்றேன். எல்என்பியில கேபிள் திருகுற இடம். அந்தக் கேபிள் வழியாத்தான் டிகோடர், அதான் டிவி பக்கத்துல இருக்கிற பெட்டி, 13 வோல்ட்டோ 18 வோல்ட்டோ மேல அனுப்புது, அந்த வோல்ட்டை வெச்சுத்தான் எல்என்பி எந்தத் துருவ அலையை, நெடுக்கா அதிர்றதையா குறுக்கா அதிர்றதையா, எடுக்கணும்னு முடிவு பண்ணுது. கனெக்டருக்குள்ள தண்ணி இறங்கிப் பச்சை பிடிச்சா வோல்ட்டும் குறையும், சிக்னலும் குறையும். செம்புக் கம்பி கறுத்திருந்தா கழுவிப் பிரயோஜனமில்ல. கெட்டுப்போன பகுதியை வெட்டி எறிஞ்சிட்டு புதுக் கனெக்டர் போடணும். மேல சுயமா ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுத்தணும். கறுப்பு வயர் டேப் வெயில்ல உரிஞ்சிடும். கேபிள் வீட்டுக்குள்ள நுழையற இடத்துக்கு முன்னாடி கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்க, தண்ணி அங்கேயே சொட்டிடும். இதெல்லாம் ஹார்ட்வேர் கடையில கிடைக்கிற சாமான்தான்.

ஆனா மெழுகுல எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லண்ணே. உலோகத் தட்டு மேல மெல்லிசா நிக்கிற தண்ணியால பெரிய நட்டமில்ல. எல்என்பி வாய்மூடி மேல நிக்கிற தண்ணிதான் கெடுக்கும்.

செம்பனைக்காற்று:
அப்ப என் போத்தல் கூரை சரின்னு நீங்களே சொல்லிட்டீங்க.

கம்பிவேலை:
கூரை சரி. வாயை மறைக்காம, தட்டுக்கும் எல்என்பிக்கும் குறுக்க வராம இருந்தா சரி. பிளாஸ்டிக் பையைச் சுத்திக் கட்டுறதுதான் தப்பு. உள்ளே வேர்த்து, அந்தத் தண்ணி வெளிய போக வழியில்லாம வாய்மூடி மேலேயே படியும். சமையல் எண்ணெயும் வேண்டாம். தூசி அப்பும், எறும்பு வரும். அலுமினியத் தாள் அதைவிட மோசம், கசங்கின பரப்பு அலையைக் குவிக்காது. மார்ச் மாதமும், செப்டம்பர் கடைசியிலும், பகல் 2 மணியை ஒட்டிச் சில நிமிஷம் சூரியன் நேரா செயற்கைக்கோளுக்குப் பின்னால வரும். தாளைக் கசங்காம ஒட்டினாலும், பளபளன்னு இருக்கிற தட்டு அந்த வெயில் சூட்டை அப்படியே எல்என்பி மேல குவிச்சிடும்.

தைப்பிங்காரி:
நாங்க இருக்கிற ஊர்ல மழைக்குப் பஞ்சமே இல்ல, தீபகற்பத்துலேயே அதிகமா பெய்யற இடம்னு பேர். அதனால சொல்றேன், தட்டையே பெருசாக்குங்க. 60 செ.மீ. தட்டை எடுத்துட்டு 90 செ.மீ. போட்டா பரப்பு இரண்டேகால் மடங்கு. ஏறத்தாழ மூன்றரை டெசிபல் கூடுது. நடுத்தர மழைக்கு அது போதும்.

கம்பிவேலை:
அக்கா சொல்றது உண்மை. வீட்டுலேயே செய்யக்கூடியதுல அதிக பலன் தர்றது அதுதான். ஆனா தட்டு பெருசானா அதோட பார்வை குறுகிடும். கொஞ்சம் ஆடினாலும் குறி தப்பும். காத்தும் அதிகமா பிடிக்கும். லயத்துக் கூரையில இருக்கிற பழைய இரும்புக் குழாய் தாங்காது, தரையில சிமெண்டு போட்டு நடணும். பூஸ்டருக்குச் செலவு பண்ணாதீங்க. இரைச்சலோட கலந்து வந்த சிக்னலை அது இரைச்சலோட சேர்த்தேதான் பெருசாக்கும். நீளமான கேபிளுக்கு மட்டுந்தான் அது உதவும்.

ஆத்தங்கரை:
எல்லாரும் தட்டைப் பத்தியே பேசறீங்க, ஏறுற ஆளைப் பத்தி யாருமே பேசல. பழைய லயங்கள்ல நிறைய கூரை ஆஸ்பெஸ்டாஸ். கால் வெச்சா உடையும், துளைச்சா அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும். தகரக் கூரையா இருந்தா மழையில வழுக்கும். மலேசியாவுல விழற இடி என்னன்னு தெரியாதவங்க இங்க யாரும் இல்ல. வானம் கறுக்கும்போது டிகோடர் பிளக்கையும் தட்டுக் கேபிளையும் கழட்டிட்டு உக்காருறதுதான் வைத்தியம். படம் வேணும்னா, தரையில இருக்கிற கோபுரத்துலேருந்து வர்ற இலவச டிவிக்கு (முன்னாடி மைஃப்ரீவியூன்னு பேர்) ஆன்டெனா ஒண்ணு வெச்சுக்குங்க. 2019 அக்டோபர் 31ஓட பழைய அனலாக் நாடு முழுக்க நின்னுபோச்சு, இப்ப தரைவழி டிஜிட்டல்தான். அந்த அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்ல. டிவி2ல தமிழ்ச் செய்தியும் வருது.

செம்பனைக்காற்று:
குன்றுக்குப் பின்னால இருக்கிற தோட்டத்துல அந்த ஆன்டெனா எடுக்குமா ஐயா? எங்க பக்கம் கம்பத்துமேல தூக்கிக் கட்டினாலும் பாதி நேரம் வராது. வந்தாலும் அந்தம்மாவுக்கு நாள் முழுக்கத் தமிழ் வேணும். செய்தி முடிஞ்சதும் என்ன பார்ப்பாங்க? வானவில், விண்மீன்னு தமிழ்ச் சேனல் எல்லாம் தட்டுலதானே வருது. இடி விஷயத்துல நீங்க சொன்னதுக்கு மறுபேச்சில்ல.

லயத்துவீடு:
எல்லாருக்கும் நன்றி. எங்க வீட்டுல மழை விட்டு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் படம் வருது. அப்ப கனெக்டராத்தான் இருக்கணும். எங்க தட்டு சுவர்ல, ஏணி எட்டுற உயரத்துலதான் இருக்கு. மாத்தினா பலன் இருக்கான்னு எதை வெச்சுப் பார்க்கிறது?

கம்பிவேலை:
டிகோடர் மெனுவுல சிக்னல் பக்கம் இருக்கும், ரெண்டு கோடு ஓடும். ஒண்ணு பலம், இன்னொண்ணு தரம். தரத்தை மட்டும் பாருங்க, பலம் ஏமாத்தும். வெயில் நாள்ல ஒரு தடவை எழுதி வைங்க, கனெக்டர் மாத்தி ஒரு தடவை எழுதுங்க. தரம் ஏறலேன்னா தட்டு லேசா திரும்பியிருக்கும். நட்டைத் தளர்த்தி, ஒருத்தர் டிவி முன்னாடி நின்னு சொல்லச் சொல்ல, நூலளவு நகர்த்துங்க.

செம்பனைக்காற்று:
அது முடிஞ்சதும் மெழுகு தேய்ச்சு மூணாவது தடவையும் எழுது தம்பி. அடுத்த தூறல்ல என்ன நம்பர் வருதுன்னு இங்கேயே போடு. நானும் எங்க வீட்டு நம்பரைப் போடறேன்.

கம்பிவேலை:
போடுங்கண்ணே. மெழுகு தேய்க்காத பக்கத்து வீட்டு நம்பரையும், அதே மழையில எடுத்துச் சேர்த்துப் போடுங்க.