தடுப்பூசி போட்டு மூன்று நாளாகியும் நாய் படுத்தே கிடக்கிறது

நாகலூர்க்காரன்:
ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில் இருக்கிறோம். நான்கு வயது நாட்டு நாய், பெயர் கருவாயன். சனிக்கிழமை ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோய் வெறிநோய் ஊசியும் கூட்டுத் தடுப்பூசியும் போட்டு வந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிப்பதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான். அன்றிரவு சுருண்டவன்தான், இன்று செவ்வாய். பால் சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தண்ணீர் மட்டும் குடிக்கிறான். கூரையில் குரங்கு குதித்தாலும் காது அசையவில்லை. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாயிற்று. ஊசிக் களைப்புதானா? பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா?

அஸ்தம்பட்டி அண்ணன்:
தம்பி, மருத்துவர் சொல்லாமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், நாயின் ஈரலைக் கெடுத்துவிடும். ஐபுபுரோஃபன் பக்கமே போகக் கூடாது. ஊசிக்குப் பிறகு ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள் சோர்வு இருக்கும். ஒவ்வாமை என்றால் முகம் வீங்கி, தடிப்பு கிளம்பி அன்றே காட்டிக்கொடுத்திருக்கும். மலைப்பயண அலுப்பும் சேர்ந்திருக்கலாம். இன்னும் ஒருநாள் பாருங்கள்.

செம்மடுவு அக்கா:
நானாக இருந்தால் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். மூன்று நாளாக உண்ணாத நாய்க்குப் பயண அலுப்பு என்று பெயர் வைப்பது நம் மனச்சமாதானத்துக்குத்தான். தம்பி, உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. மூக்கு காய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து ஒன்றும் தெரியாது. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள்.

நாகலூர்க்காரன்:
அக்கா, 104 காட்டுகிறது. ஈறு வெளிறிப்போயிருக்கிறது. இடது காது மடிப்பில் ஆமணக்கு விதைபோல உப்பிய உண்ணிகள் நான்கு. அடிவயிற்றில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள்.

செம்மடுவு அக்கா:
இன்றே கிளம்புங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். எர்லிக்கியா, பேபேசியா என்ற இரத்தக் கிருமிகள் இரண்டையுமே உண்ணிதான் கொண்டுவருகிறது. கடித்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தெரியும். அப்படியானால் ஊசி போட்ட அன்றே நோய் உள்ளே இருந்திருக்கும். இரத்தத் தட்டணுக்களை எண்ணச் சொல்லுங்கள். உண்ணிமேல் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

நாகலூர்க்காரன்:
வியாழன் நிலவரம்: எர்லிக்கியாதான். தட்டணு 48,000, குறைந்தது 2 லட்சமாவது இருக்க வேண்டுமாம். டாக்ஸிசைக்ளின் 28 நாள். சனிக்கிழமை காய்ச்சல்கூடப் பார்க்காமல் ஊசி போட்டுவிட்டார்களே என்ற ஆற்றாமை எனக்குத் தீரவில்லை. காது மடிப்பை நானும்தான் பார்க்கவில்லை. மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன், சரிதானே?

அஸ்தம்பட்டி அண்ணன்:
பாலில் வேண்டாம் தம்பி, சுண்ணாம்புச்சத்து மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். ஒருநாள் பார்க்கலாம் என்று நான் சொன்னது தவறு.

நாகலூர்க்காரன்:
சனிக்கிழமை. இட்லிக்குள் வைத்தேன், இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிட்டான். இப்போது வேகவைத்த கோழி ஈரலுக்குள் வைத்துக் கொடுக்கிறேன், போகிறது. காலையில் குரங்கைப் பார்த்து ஒருமுறை உறுமினான். எழுந்திருக்கவில்லை, படுத்தபடியேதான்.